மரப்பறவையும் கேப்டன் ட்ரூசோவும்

கார்ட்ஸோ ஊர்க்காரர்களிடம் கேப்டன் டெஸ்ஸன் ஃபான் ட்ரூசோவைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் சிரிப்பார்கள். பிறகு தேவாலயக் கோபுரத்தைக் காட்டுவார்கள். அதன் உச்சியில் காற்றுக்குச் சுற்றுகிற தகரச் சேவலுக்கு வால் கிடையாது. ஒரு பெந்தெகொஸ்தே திருவிழாவில் கம்பத்து மரப்பறவையைச் சுடப்போய், நம்ம கேப்டன் அந்த வாலைப் பெயர்த்துவிட்டார். பறவை இருந்தது வடக்கே. கோபுரம் இருந்தது கிழக்கே.

அன்றிலிருந்து அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே பாதிரியார் தன் மனைவியை உள்ளே போகச் சொல்லிவிடுவார். பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு பீர் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். எங்கள் பொமரேனியா மாகாணம் முழுவதிலும் இவரைப்போல மோசமாகச் சுடுகிற ஆபீசர் கிடையாது என்பதில் ஊருக்கே ஒரு பெருமை உண்டு. ஊருக்குப் பெருமைப்பட வேறு எதுவும் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ட்ரூசோ குடும்பம் பிரபு வம்சம். பெயருக்கு முன்னால் 'ஃபான்' இருந்தது, வீட்டு வாசலில் கல்லில் செதுக்கிய சின்னம் இருந்தது. கூரைதான் இல்லை, அதாவது முழுதாக இல்லை. மழை பெய்தால் எந்த அறையில் சாப்பாடு போடுவது என்பதை வேலைக்காரி அண்ணாந்து பார்த்துத்தான் முடிவு செய்வாள். இந்தக் கதிக்குக் காரணம் சூதாட்டமோ பெண் சகவாசமோ இல்லை. குறி பார்த்துச் சுடுகிற திறமைதான் காரணம்.

எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான்: உயரமான கம்பத்தில் மரப்பறவையைக் கட்டி வரிசையாகச் சுடுவார்கள். இறகு போகும், கால் போகும், தலை போகும். கடைசித் துண்டை எவன் விழவைக்கிறானோ அவன் அந்த வருஷத்து ராஜா. ராஜா ஆனவன் ஊருக்கே விருந்து வைக்க வேண்டும். பன்றி, விலாங்கு மீன், பீப்பாய் பீப்பாயாக பீர். செருப்புத் தைக்கிறவன் ராஜா ஆனால் ஒரு சாயங்காலத்தோடு விட்டுவிடுவார்கள். பிரபு ராஜா ஆனால் விடுவார்களா? தின்று தீர்க்க ஒரு வாரம் ஆகும்.

டெஸ்ஸனின் தாத்தா கடைசித் துண்டை அடித்தார், பீச் மரக்காடு போனது. அப்பா அடித்தார், மாவு ஆலை போனது. ஆலை போன பிறகாவது அந்த மனுஷன் சும்மா இருந்தாரா? கை அரிப்பு தாங்காமல் இன்னொரு முறை அடித்தார். கெண்டை மீன் குளமும் போனது.

சாகக் கிடந்தபோது அப்பா மகனை அருகே கூப்பிட்டார். "டெஸ்ஸன், உனக்கும் இந்தக் கண்ணுதான் வந்திருக்கு. நான் கவனிச்சிருக்கேன். மிச்சம் இருக்கறது வீடு ஒண்ணுதான். தயவுசெஞ்சு எதையும் அடிச்சுத் தொலைச்சிடாதே."

திருவிழாவில் சுடாமல் இருக்க முடியாது. ஊரில் தங்கியிருக்கிற படையின் ஆபீசர்கள் ஆளுக்கு ஒரு குண்டாவது சுட வேண்டும், மறுத்தால் ஊரை அவமதித்ததாகிவிடும். ஆகவே டெஸ்ஸன் தவற விட்டார். அது லேசான காரியம் என்று நினைக்கக் கூடாது. ஆயிரம் பேர் நிற்கிற மைதானத்தில் ஒரு மனுஷன், ஒரு மாடு, ஒரு ஜன்னல்மேலும் படாமல், பறவைமேலும் படாமல் சுடுவதற்கு அசாத்தியக் கண் வேண்டும்.

சேவல் வால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சபலப்பட்டுவிட்டார். அந்த வால் காற்றடித்தால் கிறீச்சிடும், அவர் மனைவி உல்ரிக்கெக்குத் தலைவலி வரும். பாதிரியாரிடம் எண்ணெய் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிற்று. வால் கீழே விழுந்ததும் அவருடைய ஏவலாள் க்ரிஷான் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஐயா, ஆணி அடிச்ச எடத்துலயே சரியா வெட்டுப்பட்டிருக்குங்க."

"வாயை மூடு, க்ரிஷான்."

"மூடிட்டேங்க ஐயா."

அவன் ஒருவனுக்கும் உல்ரிக்கெக்கும் மட்டுமே விஷயம் தெரியும். படையில் கர்னலுக்குத் தெரியாது. பிரான்ஸ் போரில் மாவு வண்டிகளுக்குக் காவல் போனதால், அங்கேயும் அவர் சுட வேண்டிய தேவை வரவில்லை. வேலிக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த கேப்டன் ஓட்டோமார் ஃபான் ஸீபெலோவுக்கும் தெரியாது.

ஸீபெலோ டெஸ்ஸனின் உயிர் நண்பர். நெட்டையான ஆள். மனைவி இறந்துவிட்டாள், ஒரே ஒரு பெண். மச்சான் பீர் காய்ச்சுகிறவர் என்பதால் கையில் காசு புரண்டது. அவருக்கு ஒரே ஒரு குறை, தலையில் முடி இல்லை. அதனால் உச்சியில் பித்தளைக் கூர் வைத்த தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டார். குளிக்கும்போது கழற்றுகிறாரா என்று ஊரில் பந்தயம்கூட நடந்தது. தினமும் சாயங்காலம் ஸீபெலோ, டெஸ்ஸன், படை மருத்துவர் மோல் மூவரும் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். எங்கள் சீட்டாட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும், இரண்டு பேர் ஆட முடியாது.

வினை ஒரு பெருவாத்தால் வந்தது. நவம்பரில் வருகிற புனித மார்ட்டின் நாள் விருந்துக்கு அறுப்பதற்காக உல்ரிக்கெ ஊட்டி ஊட்டி வளர்த்த வாத்து. ஸீபெலோவின் வேட்டை நாய் சுல்தான் வேலி தாண்டி வந்து அதைத் தின்றுவிட்டது. பேசாமல் வேறொரு வாத்து வாங்கிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் டெஸ்ஸன் வெறும் முட்டைக்கோசைத் தின்றுவிட்டு அதே எரிச்சலோடு ஆபீசர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

"உன் நாய் திருட்டு நாய்டா."

"என் நாய் திருடன்னா, நான் யாரு?"

"அதைத் திருட விட்டு வளத்தவன்!"

மேஜையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே சிரிப்பு வந்திருக்க வேண்டும், வந்தும் இருக்கும். ஆனால் புதிதாகப் படையில் சேர்ந்த ஒரு லெப்டினன்ட் அங்கே இருந்தான். ஒரு ஆபீசரின் கௌரவத்துக்கு இழுக்கு வந்ததைக் கேட்டவன் அதை மேலே சொல்லியே ஆக வேண்டும் என்று விதி. அவன் விதியை மனப்பாடம் செய்துவிட்டு வந்தவன். போய்ச் சொல்லிவிட்டான்.

படையின் கௌரவ மன்றம் கூடியது. இரண்டு பேரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்க வேண்டும், இல்லையென்றால் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நின்றாலோ சட்டப்படி குற்றம், கோட்டையில் அடைத்துவிடுவார்கள். எங்கள் நாட்டில் இந்த இரண்டும் ஒரே அரசரின் பெயரால்தான் நடக்கும். அதில் யாருக்கும் வியப்பு கிடையாது.

"ஆளுக்கு ஒரு குண்டு. வியாழக்கிழமை காலையில, பிர்ச் தோப்புல. அதுக்கப்புறம் 'வெள்ளைக் குதிரை' விடுதியில எல்லாருக்கும் சாப்பாடு. விலாங்கு மீன் சொல்லி வெச்சாச்சு" என்றார் கர்னல்.

விலாங்கு மீன் என்று சொன்னாலே ஆபீசர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். இரண்டு பேரும் பக்கத்தில் எங்கேயாவது சுட வேண்டும், பிறகு கைகுலுக்கிக்கொண்டு சாப்பிடப் போக வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாடகம் என்றாகிவிடும். டெஸ்ஸனும் நிம்மதியாகத்தான் இருந்தார். தவற விடுவது அவருக்குக் கைவந்த கலை.

புதன்கிழமை சாயங்காலம் அவர் தோட்டத்தில் மிச்சமிருந்த ஆண் வாத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. எதிராளிகள் இருவரும் சண்டை முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதும் விதி.

"சுல்தான், நான் உன்கிட்டதான் பேசறேன், வேற யார்கிட்டயும் பேசல, சரியா?" என்றது ஸீபெலோவின் குரல்.

நாய் குரைத்தது. டெஸ்ஸன் வாத்தின் அருகே குனிந்தார். "கேட்டுக்கோ வாத்து. உன் பொண்டாட்டியைத் தின்ன நாய்கிட்ட யாரோ பேசறாங்க."

"சுல்தான், நான் ராத்திரியெல்லாம் தூங்கலடா. டெஸ்ஸன் நல்லவன். என்னை விட்டுட்டுப் பக்கத்துலதான் சுடப் பார்ப்பான். அதான் எனக்குப் பயமே! அவன் பார்த்த எடத்துல குண்டு என்னிக்காவது போயிருக்கா? வடக்க பார்த்தா கிழக்க போகுது. நாளைக்கு மரத்தைப் பார்த்துச் சுடுவான், குண்டு நேரா என் நெஞ்சுல வந்து எறங்கும்!"

டெஸ்ஸனின் கையிலிருந்த தீனி கீழே கொட்டியது. வாத்துக்குச் சந்தோஷம்.

"அவன் என் நெஞ்சைப் பார்த்துச் சுடணும் சுல்தான். நடு நெஞ்சை. அப்படிச் சுட்டாதான் நான் பொழைப்பேன். அதுக்கு அவன் கௌரவத்தின் மேல சத்தியம் பண்ணிக் குடுக்கணும்."

டெஸ்ஸன் மறுபடி வாத்திடம் குனிந்தார். "வாத்து, ஒருவேளை அந்தாளு நெனைக்கற மாதிரி நான் மோசமா சுடறவன் இல்லைன்னா? நெசமாவே நல்லா சுடறவனா இருந்தா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஸீபெலோ சிரித்தார், வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா சுல்தான்! இந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு மூட்டப் பாக்கறான். தங்கமான மனசு." உடனே சிரிப்பு நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணு கல்யாணம் சுல்தான். நான்தானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்? வேற யாரு இருக்கா அவளுக்கு?"

நண்பன் அழுது டெஸ்ஸன் கேட்டதே இல்லை. அவர் மனம் இளகிவிட்டது. மனம் இளகும்போது மூளை வேலை செய்யாத ஜாதி அவர்.

"வாத்து, என் கௌரவத்தின் மேல சத்தியம். நடு நெஞ்சுக்குத்தான்."

"கடவுள் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும், சுல்தான்!" என்று கூவிவிட்டு ஸீபெலோ துள்ளிக்கொண்டு உள்ளே போனார். டெஸ்ஸன் கவிழ்த்து வைத்த வாளியின்மேல் உட்கார்ந்தார். என்ன சத்தியம் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

உல்ரிக்கெ விஷயத்தைக் கேட்டு, கையிலிருந்த கரண்டியை மேஜையில் போட்டாள்.

"நல்லா சுடுவேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிச்சான்."

"அப்ப சத்தியத்தை உடைங்க."

"ஆபீசரோட சத்தியம், உல்ரிக்கெ. உடைச்சவன் சீருடையைக் கழட்டியாகணும்."

"கழட்டினா என்ன இப்போ? உள்ள ஒரு ஆள் இருக்காருல்ல?"

டெஸ்ஸன் தன் சீருடையைக் குனிந்து பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதில் அவருக்கே சந்தேகம். பதினொரு வயதில் ராணுவப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து அவர் அந்தச் சட்டைக்குள்தான் வளர்ந்தார். வீடு ஒழுகுகிறது, நிலம் போய்விட்டது, ஊர் பார்த்துச் சிரிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவரிடம் மிச்சமிருந்தது, ட்ரூசோ சொன்ன சொல் தப்ப மாட்டான் என்கிற ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலையில் பிர்ச் தோப்பில் பனிமூட்டம். கர்னலும் சாட்சிகளும் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றார்கள். டாக்டர் மோல் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு இருவரையும் முறைத்தார்.

"யாரு செத்தாலும் சரி, இன்னிக்கு சாயங்காலம் நான் யாரோட சீட்டாடறது?"

திருவுளச்சீட்டு எடுத்ததில் ஸீபெலோ முதலில் சுட வேண்டும் என்று வந்தது. அவர் ஒழுங்காக ஒரு மரத்தைப் பார்த்துச் சுட்டார். மரக்கிளை முறிந்து டாக்டரின் பெட்டிக்குள் விழுந்தது. டாக்டர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார், கர்னல் அதைக் கேளாதவர்போல இருந்துவிட்டார்.

பிறகு டெஸ்ஸனின் முறை வந்தது. எதிரே ஸீபெலோ தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நன்றாக நிமிர்த்தி, திருமணத்துக்குப் புகைப்படம் எடுக்க நிற்பவர்போல நின்றார். ஒரு கண்ணைச் சிமிட்டக்கூடச் செய்தார்.

டெஸ்ஸன் துப்பாக்கியை உயர்த்தினார். கை நடுங்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டார். பாழாய்ப்போன கை நடுங்கவில்லை. நண்பனின் மேல்சட்டையில் நெஞ்சுக்கு நேரான பித்தளைப் பொத்தான் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது. விரலை அசைத்தால் போதும், பொத்தானோடு சேர்ந்து குண்டு உள்ளே போய்விடும். நெஞ்சில் வாங்கிக்கொள்ள அந்த மடையன் சந்தோஷமாகக் காத்திருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு அவன் பெண்ணை யார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது?

துப்பாக்கியின் வாய் பொத்தானிலிருந்து மேலே ஏறியது. கழுத்தைத் தாண்டியது, மீசையைத் தாண்டியது. அங்கேயிருந்து எங்கேயோ வானத்துக்கு அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நெஞ்சுக்குப் பார்த்துத் தவறியதுபோல நேர்கோட்டில் இருக்க வேண்டுமே என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், வாழ்நாளெல்லாம் ஒரு தகர வாலைத் தவிர எதையுமே அடிக்காமல் வைத்திருந்த கைக்கு ஒரே ஒரு முறை அடிக்க ஆசை வந்துவிட்டது.

டிங் என்று ஒரு சத்தம். தலைக்கவசத்தின் பித்தளைக் கூர் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. ஸீபெலோ ஆடாமல் அசையாமல் நின்றார்.

"மோல், தலை இருக்கா?"

"தலை இருக்கு. உள்ள ஒண்ணும் இருந்ததில்ல, அதனால நஷ்டம் இல்ல."

கர்னல் முன்னால் வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் கேட்டே ஆகணும். இது ஒழுங்கா நடந்த சண்டையா? கேப்டன் ட்ரூசோ, நீங்க எதிராளியோட நெஞ்சுக்கா குறிவெச்சீங்க?"

டெஸ்ஸன் வாயைத் திறந்தார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் நண்பனுக்குக் கொடுத்த சத்தியம் போச்சு, சீருடை போச்சு. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"நெஞ்சுக்குத்தான் கர்னல் ஐயா! துப்பாக்கி வாயையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். கடைசி வரைக்கும் என் நடு நெஞ்சுதான். என் கௌரவத்தின் மேல சத்தியம்" என்று ஸீபெலோ குறுக்கே புகுந்தார்.

கர்னல் கூர் போன தலைக்கவசத்தைப் பார்த்தார், டெஸ்ஸனைப் பார்த்தார். அடக்கிவைத்த சிரிப்பு வெடித்துவிட்டது. "ட்ரூசோ குறிவெச்சா இப்படித்தான் போகும்! வாங்க, மீன் ஆறிடும்." எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ஸனும் பல்லைக் காட்டினார். அன்று விலாங்கு மீன் அவர் தொண்டைக்குள் இறங்கவில்லை.

இருவரையும் கடலோரக் கோட்டையில் ஒரே அறையில் அடைத்தார்கள். டாக்டர் மோல் சீட்டாட்டத்துக்கு மூன்றாவது கையாக ஞாயிறுதோறும் வண்டி பிடித்து வந்தார், மற்ற நாட்களில் கோட்டைத் தளபதியே வந்து உட்கார்ந்தார். கிறிஸ்துமஸுக்கு விடுப்பு வாங்கிக்கொண்டு போய் ஸீபெலோ மகள் கல்யாணத்தையும் நடத்தினார். பேரன் பேத்தி பிறந்தார்கள்.

டெஸ்ஸன் மட்டும் பழைய ஆள் இல்லை. நண்பனுக்குச் செய்த சத்தியத்தை உடைத்தாயிற்று, கர்னல் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இப்படிப்பட்டவன் போட்டுக்கொள்கிற சட்டையா இது என்று தினமும் காலையில் பொத்தான் போடும்போது தோன்றும். மேஜர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உல்ரிக்கெ ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. குறிபார்க்கத் தெரியாதவனுக்கு யார் பதவி கொடுப்பார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. ஸீபெலோ மேஜரானார். ஆனால் அவர் ஒவ்வொரு பெந்தெகொஸ்தேவுக்கும் கூர் இல்லாத அந்தப் பழைய தலைக்கவசத்தையே போட்டுக்கொண்டு வந்தார். புதுக் கூர் வாங்கக் கஞ்சத்தனம் என்றார்கள்.

இருவரும் ஓய்வு பெற்ற வருஷம் திருவிழாவில் பறவையின் கடைசித் துண்டு, கைப்பிடி அளவு மரம், கம்பத்து உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முறை டெஸ்ஸனுடையது. வழக்கம்போலப் பெண்கள் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள், பாதிரியார் கோபுரத்தைக் கவலையோடு பார்த்தார். ஸீபெலோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு அருகே வந்தார்.

"அடிடா."

"என்ன?"

"அடிச்சுக் கீழ தள்ளு. விருந்து என் செலவு. மச்சான்கிட்ட பீப்பாய்க்குச் சொல்லிட்டேன்."

"ஓட்டோமார், நான் சுட்டா எங்க போகும்னு உனக்குத்தான் தெரியுமே..."

"தெரியும். துப்பாக்கி வாய்க்கு நேரா நின்னவன்டா நான். அது நெஞ்சுலேருந்து மேல ஏறினது எனக்குத் தெரியாதா?"

டெஸ்ஸன் துப்பாக்கியைத் தாழ்த்தினார். "அப்ப கர்னல்கிட்ட... கௌரவத்தின் மேல சத்தியம் பண்ணினியே!"

"நீ எனக்காக ஒண்ணை உடைச்ச. நான் உனக்காக ஒண்ணை உடைச்சேன்."

"இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல? நான் இங்க தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன்!"

"சொல்லியிருந்தா நீ மறுநாளே போய்ச் சீருடையைக் கழட்டி வெச்சிட்டு வந்திருப்ப. என்னையும் கழட்ட வெச்சிருப்ப. இப்ப ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சு. அடிடா."

டெஸ்ஸன் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த மரத்துண்டை அடிக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக, மனதார, குறி பார்த்தார். வயதும் கண்ணீரும் சேர்ந்துகொண்டு துண்டு இரண்டாகத் தெரிந்தது. சுட்டார்.

துண்டு அசையவே இல்லை. மைதானம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிழவனாகிவிட்ட க்ரிஷான் மட்டும் சேவலுக்கு ஏதாவது ஆயிற்றா என்று கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்தான்.

"இந்தத் தடவை நெசமாவே அடிக்கத்தான் பாத்தேன்டா" என்றார் டெஸ்ஸன்.

"நம்பறேன். ஆனா வேற ஒருத்தனும் நம்ப மாட்டான்."

ஸீபெலோ இத்தனை பேர் நடுவில் தலைக்கவசத்தைக் கழற்றினார். வெயிலில் அவர் வழுக்கை மின்னியது, யாரோ சீட்டியடித்தார்கள். அவர் அதைச் சட்டை செய்யவில்லை. டெஸ்ஸனின் கையைப் பிடித்து, கூர் ஒடிந்த இடத்தில் அவர் விரலை வைத்து அழுத்தினார். அடியோடு, சீராக, வெட்டியெடுத்ததுபோல இருந்தது.

"ஒரு நூல் கீழ எறங்கியிருந்தா என் மண்டை போயிருக்கும், இல்ல?"

"எறங்காது" என்றார் டெஸ்ஸன்.

வாழ்நாளில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட ஒரே பெருமை அதுதான். பிறகு இரண்டு பேரும் பீர் பந்தலுக்குப் போனார்கள். டாக்டர் மோல் ஏற்கெனவே சீட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.